ரசலா? சேம்பர்லைனா?

மாலையில் நம் பள்ளித் திடலில் கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் முதலில் எழும் கேள்வி என்ன? "இன்று யார் அதிகக் கூடை போட்டது?" என்பதுதான். அதிகப் புள்ளி எடுத்தவளே சிறந்த ஆட்டக்காரி என்று நாம் உடனே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அத்தீர்ப்பு சரிதானா? அமெரிக்காவில் இரண்டு நெடிய மனிதர்களைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு விவாதம் இதற்கு விடை காண நமக்கு உதவும்.

ஒருவர் வில்ட் சேம்பர்லைன். பிலடெல்பியாவில் 1936-இல் பிறந்தவர். உயரம் 7 அடி 1 அங்குலம். மற்றவர் பில் ரசல். லூசியானா மாநிலத்தில் 1934-இல் பிறந்து, வறுமையில் வளர்ந்தவர். உயரம் ஏறத்தாழ 6 அடி 10 அங்குலம். உயர்நிலைப் பள்ளியில் இவரைப் பெரிதாக மதித்தவர் எவருமில்லை. உதவித்தொகை தந்து அழைத்தது, சேசு சபைத் துறவியர் நடத்தும் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றே. அப்பல்கலைக்கழகம் 1955, 1956 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசியக் கல்லூரிக் கோப்பையை வென்றது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் பெற்றார் ரசல். இருவரும் நடு ஆட்டக்காரர்கள். அதாவது, கூடையின் அருகே நின்று ஆடுபவர்கள். என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் இருவரும் 140-க்கும் மேற்பட்ட முறை நேருக்கு நேர் மோதினர்.

முதலில் சேம்பர்லைன் கட்சியினரின் வாதத்தைக் கேட்போம். 1962 மார்ச் 2 அன்று நியூயார்க் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் அவர் 100 புள்ளிகள் எடுத்தார்! அந்தப் பருவம் முழுவதும் ஆட்டத்திற்குச் சராசரி 50.4 புள்ளிகள். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை ஒரே ஆட்டத்தில் 55 முறை கைப்பற்றியதும் இவரே; அதுவும் ரசலின் பாஸ்டன் அணிக்கு எதிராக! இவரைக் கட்டுப்படுத்தவே 1964-இல் கூடையின் கீழுள்ள கட்டத்தின் அகலத்தை 12 அடியிலிருந்து 16 அடியாக்கினர்.

ரசல் கட்சியினர் சொல்லும் எண் ஒன்றே ஒன்று: 11. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் அவர் ஆடியது 13 பருவங்கள். வென்ற கோப்பைகள் 11. அவருடைய புள்ளிச் சராசரியோ 15 மட்டுமே. அவரது திறமை தடுப்பதில் இருந்தது. எதிரி எறியும் பந்தைத் தடுக்கும்போது, பார்ப்போர் கைதட்டும்படி அதை வெளியே அடித்துத் தள்ளமாட்டார். தன் தோழர் கையில் சேரும்படி தட்டிவிடுவார். மறுகணமே அத்தோழர் எதிர்க்கூடையை நோக்கி ஓடுவார். இத்தகைய தடுப்புகளை அந்நாளில் எவரும் கணக்கில் எழுதவில்லை. 1973-74 பருவத்தில்தான் அவ்வழக்கம் வந்தது. அதற்குள் ரசல் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சிறந்த தொண்டு எந்த ஏட்டிலும் ஏறவில்லை!

சேம்பர்லைன் 50 புள்ளிச் சராசரி எடுத்த அதே 1962-இல், சிறந்த ஆட்டக்காரர் யார் என்று ஆட்டக்காரர்களே வாக்களித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் ரசல்! களத்தில் உடன் நின்றவர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது போலும்.

ஆயினும் அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. ரசலுக்கு வாய்த்த தோழர்கள் மிகச் சிறந்தவர்கள் என்பது உண்மையே. மேலும், சேம்பர்லைனும் ஒரு பாடம் கற்றார். 1966-67 பருவத்தில் பயிற்சியாளரின் சொற்படி, தாமே எறிவதைக் குறைத்துத் தோழர்களுக்குப் பந்தை வழங்கத் தொடங்கினார். சராசரி 24 ஆகக் குறைந்தது. அவரது பிலடெல்பியா அணியோ பாஸ்டனை வீழ்த்திக் கோப்பையை வென்றது! அவ்விருவரும் இறுதிச் சுற்றுகளில் எதிர்கொண்ட எட்டுத் தொடர்களில் சேம்பர்லைன் வென்றது அந்த ஒன்றையே. தமக்கெனக் குறைத்துக்கொண்ட ஆண்டில்தான் அவர் ரசலை வென்றார் என்பது நம் சிந்தனைக்கு உரியது.

களத்தில் போட்டியாளர்களான இவர்கள் வெளியே நல்ல நண்பர்கள். ரசல் பிலடெல்பியா வந்தால், சேம்பர்லைனின் தாயார் சமைத்த உணவை உண்டு, பிறகு அவரையே எதிர்த்து ஆடுவாராம்! 1969-இல் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் முழங்கால் அடிபட்டுச் சேம்பர்லைன் வெளியேறினார். கால் முறிந்தாலன்றி வெளியேறியிருக்கக் கூடாது என்ற பொருளில் ரசல் பின்னர் பேசிவிட்டார். அந்த ஒரு கடுஞ்சொல்லால் இருவரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. பதினொரு கோப்பை வென்றவருக்கும் நாவை வெல்வது அரிதாயிற்று! பின்னர் ரசல் மன்னிப்புக் கேட்டார், நட்பு மலர்ந்தது. 1999-இல் சேம்பர்லைன் மறைந்தபோது, நினைவுக் கூட்டத்தில் ரசல் உருக்கமாகப் பேசினார். 2022-இல் ரசலும் மறைந்தார். அவர் அணிந்த 6-ஆம் எண்ணை இனி எந்த அணியிலும் புதிதாக எவருக்கும் வழங்குவதில்லை என்று என்.பி.ஏ. அறிவித்தது.

அப்படியானால் யார் சிறந்தவர்? தனி ஆற்றலில் சேம்பர்லைன். அணியை உயர்த்துவதில் ரசல். கூடைப்பந்து ஐவர் சேர்ந்து ஆடும் ஆட்டமாதலால், நம் வாக்கு ரசலுக்கே. உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதும் இதைத்தானே நினைவூட்டுகிறது?

இனி ஆட்டம் முடிந்ததும், "யார் அதிகக் கூடை போட்டது?" என்று மட்டும் கேளாமல், "அந்தப் பந்தைத் தந்தது யார்?" என்றும் கேட்போம். தனிமரம் தோப்பாகாது அல்லவா?