நல்ல பெயருக்கு எத்தனை மார்க்கு?

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பையன் எப்படிப்பட்டவன்? அவன் ஊருக்கே போய் விசாரிக்கிறார்கள். டீக்கடையில் ஒரு வார்த்தை. கோவில் வாசலில் ஒரு வார்த்தை. பொழுது சாய்வதற்குள் பையனின் குணம் தெரிந்துவிடும்.

ஆனால், முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் கூடும் இடத்தில் யாரைப் போய் விசாரிப்பது?

இணையத்தில் இந்தக் கஷ்டம் எப்போதும் உண்டு. எழுதுகிறவர் யோக்கியரா, அடுத்தவர் எழுத்தைத் திருடிப் போடுகிறவரா? பெயரைப் பார்த்தால் தெரியாது. பெயரே பொய்ப் பெயராக இருக்கும்!

இதற்கு ஒரு வழி செய்தார்கள், 'ஸ்டீமிட்' என்ற எழுத்துச் சந்தையை நடத்தியவர்கள். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண்ணைப் போட்டுவிட்டார்கள். 25, 48, 63, 71 என்று. அதுதான் நற்பெயர் மார்க்கு!

மார்க்கைப் பார்த்தால் ஆளைத் தெரிந்து கொள்ளலாம் என்பது எண்ணம். அது பலித்ததா?

எல்லோர் கையிலும் ஒரே நோட்டு

நெட் ஸ்காட், டான் லாரிமர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2016 மார்ச்சில் இதைத் தொடங்கினார்கள். ஸ்டீமிட் என்பது கடை என்றால், அதன் கணக்கேட்டுக்குப் பெயர் 'ஸ்டீம்'. அதில் புழங்கும் நாணயத்துக்கும் அதே பெயர்தான்.

அது சாதாரணக் கணக்கேடு அல்ல. 'பிளாக்செயின்' என்ற சங்கிலிக் கணக்கேடு.

கல்யாண வீட்டில் மொய் எழுதும் நோட்டை நினைத்துக் கொள்ளுங்கள். எழுதுகிறவர் ஒருவர்தான். அவர் 500-ல் ஒரு சைபரைத் தின்றுவிட்டால்? கேட்க ஆளில்லை. இப்போது, பந்தியில் உட்கார்ந்திருக்கும் பலருடைய கையிலும் அதே நோட்டின் நகல் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் ஒரு வரி எழுதினால், அத்தனை நகலிலும் அதே வரி ஏறுகிறது. ஒருவர் மட்டும் திருட்டுத்தனமாக அழித்து எழுதினால் மற்ற நகல்கள் காட்டிக் கொடுத்துவிடும். பக்கங்களையும் கிழிக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தின பக்கத்தின் முத்திரை இருக்கும். அதனால்தான் சங்கிலி!

ஸ்டீம் ஏட்டில் 3 வினாடிக்கு ஒரு பக்கம் எழுதப்படுகிறது. கட்டுரை, அதற்கு வந்த பதில், ஓட்டு, பணம் எல்லாமே அதில் ஏறும்.

எழுதினால் பணம் உண்டு. பிடித்த கட்டுரைக்கு வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுக்குத் தகுந்தபடி பொதுப் பானையிலிருந்து நாணயம் கிடைக்கும். முதல் பட்டுவாடா 2016 ஜூலை 4-ந் தேதி நடந்தது. பணம் வருகிறது என்றதும் கூட்டம் வந்தது. கூட்டத்தோடு திருடர்களும் வந்தார்கள். ஆளை எடை போட மார்க்கு தேவைப்பட்டது.

25-ல் ஆரம்பம்

புதிதாக வருகிற எல்லோருக்கும் மார்க்கு 25. படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இல்லை.

யாராவது அவருடைய எழுத்துக்கு ஓட்டுப் போட்டால், அந்த ஓட்டின் எடையை 64-ஆல் வகுத்து அவர் கணக்கில் சேர்ப்பார்கள். இப்படிச் சேருகிற எண் மிகப் பெரியது. கோடிக் கணக்கில் போகும். அதை அப்படியே பெயருக்குப் பக்கத்தில் போட்டால் யாருக்கும் படிக்க வராது. எனவே சுருக்கிக் காட்டுகிறார்கள்.

சுருக்கும் விதி சுலபமானது. கணக்கில் உள்ளது 10 மடங்கு ஆனால், மார்க்கு 9 கூடும். அவ்வளவுதான்.

நூறு கோடி வரையில் 25. ஆயிரம் கோடி ஆனால் 34. பத்தாயிரம் கோடிக்கு 43. லட்சம் கோடிக்கு 52. இப்படியே போய், கோடியைக் கோடியால் பெருக்கினால் வருகிறதே, அந்த எண்ணைத் தொட்டால்தான் 70!

ஆரம்பத்தில் மளமளவென்று ஏறும். புது ஆளுக்குப் பெரிய புள்ளி ஒருவர் ஒரே ஒரு ஓட்டுப் போட்டால் போதும். 25-ல் இருந்தவர் 40-ஐத் தாண்டிவிடலாம். ஆனால் 60-க்கு மேல் ஒவ்வொரு மார்க்கும் மலை ஏறுவது போலத்தான். 61-ல் இருப்பவர் 70-க்குப் போக வேண்டுமானால், இதுவரை சேர்த்ததைப் போல இன்னும் 9 பங்கு சேர்க்க வேண்டும்.

இறங்குவதும் அப்படியே. 70-ல் இருப்பவரை 61-க்கு இறக்க, அவர் சேர்த்ததில் பத்தில் ஒன்பது பங்கை அழிக்க வேண்டும். பெரிய பெயர் எடுத்தவர் ஒரு நாள் தப்புச் செய்தால், மார்க்கில் அது தெரியவே தெரியாது. ஊரிலும் பெரிய மனிதர் விஷயம் இப்படித்தானே இருக்கிறது!

எதிர் ஓட்டு

பிடிக்காவிட்டால் எதிர் ஓட்டும் போடலாம். அது வரவேண்டிய பணத்தைக் குறைக்கும். மார்க்கையும் குறைக்கும். ஆனால் மார்க்கைத் தொடுவதற்கு இரண்டு விதிகள் உண்டு.

முதலாவது: தன் கணக்கே கழித்தலில் இருப்பவர், பிறர் மார்க்கை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. கெட்ட பெயர் எடுத்தவன் சொல் அம்பலம் ஏறாது.

இரண்டாவது: ஒருவர் மார்க்கைக் குறைக்க வேண்டுமானால், குறைக்கிறவர் அவரை விட அதிக மார்க்கு வாங்கியிருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது விதியை ஏன் வைத்தார்கள் என்று யூகிப்பது கஷ்டம் அல்ல. நூறு பொய்க் கணக்குகளைத் தொடங்கி, நல்ல எழுத்தாளர் ஒருவர் மேல் சேறு பூசலாம் என்று எவரும் கிளம்பக் கூடாது. நியாயம்தான். ஆனால் அதே விதி பெரியவருக்கு வேலியாகவும் ஆகிவிட்டது. 75 வாங்கியவர் அக்கிரமம் செய்தால், 50 வாங்கிய ஆயிரம் பேர் ஒன்றுசேர்ந்து எதிர் ஓட்டுப் போட்டாலும் அவர் மார்க்கு அசையாது!

சைபருக்கும் கீழே போனவர்கள் உண்டு. அவர்கள் எழுதியதை ஸ்டீமிட் திரை போட்டு மறைத்துவிடும். பெரும்பாலும் திருட்டு எழுத்து, குப்பை விளம்பரம் போட்டவர்களுக்குத்தான் இந்தக் கதி. 'ஸ்டீம் கிளீனர்ஸ்' என்ற குழுவினர் இவர்களைத் தேடிப் பிடித்தார்கள். 'சீட்டா' என்ற கம்ப்யூட்டர் காவல்காரனும் இருந்தது. எங்கேயோ ஏற்கெனவே வந்த எழுத்து என்று தெரிந்தால், அடியில் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகும். கூடவே ஒரு சிறு ஓட்டும் போட்டுவிட்டுப் போகும். அது வேடிக்கை!

திமிங்கலங்கள்

இதுவரை சரி. ஓட்டின் எடை என்றோமே, அந்த எடை எங்கிருந்து வருகிறது?

மார்க்கிலிருந்து அல்ல. இங்கேதான் முடிச்சு.

ஸ்டீம் நாணயத்தை வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டிய நாணயத்துக்கு 'ஸ்டீம் பவர்' என்று பெயர். எவ்வளவு பூட்டுகிறாரோ, அவ்வளவு எடை அவர் ஓட்டுக்கு. 80 மார்க்கு வாங்கியவரிடம் பூட்டிய பணம் இல்லை என்றால் அவர் ஓட்டு தூசி. நேற்று வந்த 25 மார்க்குக்காரர் பெரும் பணத்தைப் பூட்டினால் அவர் ஓட்டு இடி!

அந்த ஊரில் இவர்களுக்குக் கடல் உயிர்களின் பெயர்களையே வைத்துவிட்டார்கள். பணம் இல்லாதவர் பொடிமீன். கொஞ்சம் இருந்தால் டால்பின். நிறைய இருந்தால் திமிங்கலம்.

திமிங்கலமும் நினைத்தபோதெல்லாம் ஓட்டுப் போட முடியாது. முழு ஓட்டு ஒன்று போட்டால், இருக்கும் பலத்தில் 100-க்கு 2 பங்கு குறையும். இறைத்த கிணறு ஊறுவது போல, நாள் ஒன்றுக்கு 20 பங்கு திரும்ப ஊறும். ஆகவே தினம் 10 முழு ஓட்டுப் போட்டால் கட்டுபடியாகும்.

ஆக, மார்க்கு என்பது என்ன? எத்தனை பேர் மெச்சினார்கள் என்பது அல்ல. எவ்வளவு பணம் மெச்சியது என்பதுதான்! ஆயிரம் பொடிமீன்களின் கைதட்டலை விட, ஒரு திமிங்கலத்தின் தலையசைப்பு மார்க்கைக் கூட்டியது.

ஓட்டுக் கடைகள்

கெட்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஓட்டை விலைக்கு விற்கக் கடை திறந்துவிட்டார்கள்.

கடையில் உட்கார்ந்திருந்தவர் மனிதர் அல்ல. கம்ப்யூட்டர் எந்திரம்! அதன் கணக்குக்கு நாணயம் அனுப்ப வேண்டும். கூடவே தன் கட்டுரையின் விலாசத்தையும் எழுத வேண்டும். 2 மணி 24 நிமிடத்தில் ஒரு முழு ஓட்டுக்கான பலம் ஊறிவிடும் அல்லவா? ஊறியதும் எந்திரம், பணம் கட்டியவர்களுக்கு அவரவர் கட்டிய அளவுக்கு ஓட்டைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடும். கட்டுரை நல்லதா, கெட்டதா? எந்திரத்துக்கு என்ன கவலை!

விலை கொடுத்து வாங்கிய ஓட்டும் மார்க்கில் ஏறியது. ராத்திரி பகலாகக் கண் விழித்து எழுதியவரின் 60-க்கும், கடையில் வாங்கியவரின் 60-க்கும் பார்வைக்கு வித்தியாசம் இல்லை. மார்க்கை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுக்க முடியாது என்பது விதி. மாற்ற முடியாவிட்டால் என்ன, உண்டாக்கத்தான் முடிகிறதே!

எதிர் ஓட்டுப் போட்டு இதைத் தடுத்திருக்கலாம். ஆனால் எதிர் ஓட்டுப் போட்டாலும் அதே கிணற்றுத் தண்ணீர்தான் செலவாகும். அடுத்தவர் தப்பைத் தட்டிக் கேட்கத் தன் வருமானத்தை யார் விடுவார்கள்? 2019 ஆகஸ்டில்தான் இதை மாற்றினார்கள். எதிர் ஓட்டுக்கென்று தனியாகக் கொஞ்சம் பலம் இனாமாகக் கொடுக்கப்பட்டது.

ஊர் இரண்டாகியது

2020 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. 'டிரான்' என்ற நாணயத்தை நிறுவிய ஜஸ்டின் சன், ஸ்டீமிட் கம்பெனியை வாங்கிவிட்டார்! கம்பெனியிடம் ஆரம்ப நாளிலிருந்தே பெரும் குவியலாக நாணயம் இருந்தது. ஊரை வளர்ப்பதற்கு என்று சொல்லி வைத்திருந்த நாணயம் அது. அதைக் கொண்டு ஓட்டுப் போட்டால் ஊரே அவர் கைக்குப் போய்விடும்.

கணக்கேட்டை எழுதும் வேலை 'சாட்சிகள்' என்பவர்களுடையது. அவர்களில் 20 பேர் தலைமைச் சாட்சிகள். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் ஓட்டுத்தான். அந்த ஓட்டுக்கும் பணம்தான் எடை. பழைய சாட்சிகள் அவசரமாகக் கம்பெனிக் குவியலுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

மார்ச் 2-ந் தேதி நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. நாணயச் சந்தை நடத்தும் 3 கம்பெனிகள், தங்களிடம் வாடிக்கைக்காரர்கள் நம்பி வைத்திருந்த நாணயங்களைப் பூட்டி, ஓட்டுப் போட்டன. தலைமைச் சாட்சிகள் 20 பேரும் ஒரே நாளில் வெளியே! முன்பின் யாரும் கேள்விப்படாத புதுக் கணக்குகள் அந்த இடத்தில் உட்கார்ந்தன. ஆட்சேபம் கிளம்பியதும் 2 சந்தைகள் தங்கள் ஓட்டை வாபஸ் வாங்கின. அதற்குள் ஊர் உடைந்துவிட்டது.

4 வருடம் எழுதி 70, 75 என்று மார்க்கு சேர்த்தவர்கள் அன்று என்ன செய்ய முடிந்தது? ஒன்றும் முடியவில்லை. சாட்சித் தேர்தலில் மார்க்கை யாரும் கேட்கவே இல்லை.

மார்ச் 20-ந் தேதி ஒரு கூட்டம் பிரிந்து போய் 'ஹைவ்' என்ற புது ஊரை அமைத்தது. கணக்கேடு திறந்த ஏடு அல்லவா? அதை நகல் எடுத்துக் கொண்டே போனார்கள். பெயர், கட்டுரை, மார்க்கு எல்லாம் கூடவே போயின. ஒரே ஆளுக்கு இரண்டு ஊரிலும் ஒரே மார்க்கு. அதற்குப் பிறகு அங்கே வாங்கிய ஓட்டு அங்கே, இங்கே வாங்கிய ஓட்டு இங்கே. இரண்டு எண்களும் மெல்ல மெல்ல விலகின.

பழைய ஊரில் மே 20-ந் தேதி இன்னொரு கூத்து நடந்தது. புது விதி ஒன்றைக் கொண்டுவந்து, 64 கணக்குகளில் இருந்த சுமார் 2 கோடியே 36 லட்சம் ஸ்டீம் நாணயத்தைப் பறித்துக் கொண்டார்கள். அன்றைய விலையில் சுமார் 50 லட்சம் டாலர்!

அந்த 64 பேரின் நற்பெயர் மார்க்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஓட்டு விழுந்தால்தான் அந்த எண் அசையும். மார்க்கு முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. பணப்பெட்டி காலி.