கரிசல் சீமையில் கணினிக்கு நீர்க்குளிர்ச்சி

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி 838 டெராஃபிளாப்ஸ் திறன் கொண்டது. அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகளைப் போடவல்லது. தேசிய மீக்கணினி இயக்கத்தின் கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்துத் தந்த அந்த எந்திரத்தில் நேரடித் தொடுகை நீர்மக் குளிர்ச்சி என்னும் முறை கையாளப்பட்டுள்ளது. செயலியின் தலைமீது உலோகத் தகடு ஒன்றை அழுத்தி வைத்து, அதற்குள் நீர்மத்தை ஓடவிட்டு, வெப்பத்தை அது பிறக்கும் இடத்திலேயே அள்ளிக்கொண்டு போவது இம்முறையின் அடிப்படை. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தி இயக்கச் செலவைக் குறைப்பது இதன் நோக்கம். வீட்டிலும் கடையிலும் வைத்துக்கொள்ளும் மேசைக் கணினிக்கு ‘வாட்டர் பிளாக்’ என்ற பெயரில் விற்கப்படுவதும் இதே தகடுதான். அளவு மாறுகிறதே தவிர இயற்பியல் மாறவில்லை.

மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய வானம் பார்த்த பூமியில் இந்தத் தகட்டைப் பொருத்த நினைப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டியவை சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு உள்ளவற்றினும் சற்றுக் கூடுதலானவை. சித்திரை, வைகாசி மாதங்களில் வீட்டுக்குள்ளேயே காற்று 38 டிகிரி செல்சியசைத் தொடுகிறது. கரிசல் புழுதியும் விசைத்தறிப் பஞ்சும் சன்னல் வழியே வந்து படிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆழ்துளைக் கிணற்றில் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். இந்நிலத்தில் நீர்க்குளிர்ச்சியின் ஆயுளைத் தீர்மானிப்பது எந்த நிறுவனத்தின் பிளாக்கை வாங்கினோம் என்பதைவிட அதற்குள் எதை ஊற்றினோம் என்பதே.

முதலில் வெப்பத்தின் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ9-14900கே செயலி முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை மின்சாரம் எடுக்கலாம் என்று அந்நிறுவனமே குறித்திருக்கிறது. எடுத்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பம் பிறக்கும் சிலிக்கான் சில்லின் பரப்போ சுமார் இரண்டரைச் சதுர சென்டிமீட்டர்தான். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து வாட் அளவில் வெப்பத்தைப் பரப்புகிறது என்றால், இச்சில்லில் அதே பரப்பில் நூறு வாட் குவிகிறது. வெப்பநிலை 100 டிகிரியை எட்டியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அப்போது கைக்கு வராது.

இவ்வளவு நெருக்கமாகக் குவியும் வெப்பத்தைத் தண்ணீரால் எப்படி எடுப்பது என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டக்கர்மன், ஃபேபியன் பீஸ் ஆகிய இருவரும் 1981இல் தெளிவான விடை தந்தனர். தண்ணீருக்கு வெப்பத்தைச் சுமக்கும் திறன் மிகுதி. ஒரே கன அளவில் காற்றைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு சுமக்கும். ஆனால் தன்னூடே வெப்பத்தைக் கடத்தும் திறன் அதற்கு மிகக் குறைவு. செம்பின் வெப்பக் கடத்துதிறன் 400 என்றால் தண்ணீரின் கடத்துதிறன் 0.6 மட்டுமே. ஆகவே அகன்ற வாய்க்காலில் ஓடும் நீரில் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்குதான் சூடேறும். நடுவில் ஓடும் நீர் வேலையே செய்யாமல் போய்விடும். வாய்க்காலைத் தலைமயிரின் பருமனுக்குக் குறுக்கி, அப்படிப் பல வாய்க்கால்களை அருகருகே அமைத்தால், ஒவ்வொரு நீர்த்துளியும் ஏதேனும் ஒரு சுவரின் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. அவ்வாறு சிலிக்கானிலேயே செதுக்கிய நுண்வாய்க்கால்களைக் கொண்டு, வெப்பநிலை 71 டிகிரி மட்டும் உயர, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை வெளியேற்றிக் காட்டினர். இன்று கடையில் கிடைக்கும் பிளாக்கின் செம்புத் தகட்டில், ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே இடைவெளி விட்டு வரிசையாகச் சீவப்பட்டிருக்கும் துடுப்புகள் அந்த ஆய்வின் வழித்தோன்றல்களே. அவற்றின் நெருக்கமே பிளாக்கின் பலம். அழுக்கும் உப்பும் முதலில் அடைப்பதும் அந்த நெருக்கத்தைத்தான்.

பிளாக்கில் சூடேறிய நீர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், அங்கே விசிறிகள் வீசும் காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டு, பம்பின் உந்துதலால் திரும்பி வருகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால், 250 வாட் வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது வெளியேறும்போது அதன் வெப்பநிலை மூன்றரை டிகிரிதான் கூடியிருக்கும். ஆகவே மிகப் பெரிய பம்புக்குச் செலவிடுவதால் பெரிய ஆதாயம் இல்லை. இச்சுற்றில் நீர் ஒருநாளும் அறைக்காற்றைவிடக் குளிராது என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நீர் காற்றைவிடப் பத்து டிகிரியும், செயலி நீரைவிட முப்பத்தைந்து டிகிரியும் மேலே நிற்கும் ஓர் அமைப்பு, மார்கழியில் 25 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும். அதே அமைப்பு சித்திரையில் 38 டிகிரி அறையில் 83 டிகிரி காட்டும். இது பழுதன்று. ஜெர்மனியில் மியூனிக் நகரை அடுத்த கார்ஷிங்கில் 2012இல் இயங்கத் தொடங்கிய சூப்பர்மக் என்னும் மீக்கணினி, 40 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான நீராலேயே குளிர்விக்கப்பட்டது. செயலி தாங்கும் எல்லை 100 டிகிரி என்னும்போது, வெயில் காலத்து நீருக்கும் செயலிக்கும் இடையே போதிய இறக்கம் இருக்கிறது. இதை உணராமல் தண்ணீரில் பனிக்கட்டியைப் போட்டு அறைக்காற்றினும் குளிரவைத்தால், பிளாக்கின் வெளிப்புறத்தில் காற்றின் ஈரம் வியர்த்து மதர்போர்டில் சொட்டும். ஐப்பசி அடைமழைக் காலத்தில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

பிளாக்கைத் தேர்வதில் முதல் கேள்வி, அது எந்த சாக்கெட்டில், அதாவது செயலி அமரும் எந்த இருக்கையில், பொருந்தும் என்பது. இன்டெல் 2021இல் கொண்டுவந்த எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய எல்ஜிஏ 1200இல் 75 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டை அழுத்தி ஈடுகட்ட முடியாது என்பதால் உரிய பிடிப்புச் சட்டம் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் பின்தகடு நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால், முன்பு ஏஎம்4இல் சொந்தப் பின்தகட்டோடு வந்த சில பழைய பிளாக்குகள் அதில் அமர்வதில்லை. அடுத்தது உலோகம். தகடு செம்பாகவோ நிக்கல் பூசிய செம்பாகவோ இருக்கட்டும். ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாகவே இருக்கட்டும். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனைந்தால், அந்த நீர் மின்கலத்தின் அமிலம்போல் நடந்துகொள்ள, அலுமினியம் கரையத் தொடங்கும். நீரில் உப்பு ஏற ஏற அந்தக் கரைப்பு வேகமாகும். விளக்கு மினுக்கமும் மேல்மூடியின் நிறமும் குளிர்ச்சிக்குத் தொடர்பில்லாதவை. மேல்மூடி கண்ணாடிபோல் தெரியும் அக்ரிலிக்காக இருந்தால் உள்ளே படியும் அழுக்கைக் கண்ணால் காணலாம் என்பதால் இந்நிலத்துக்கு அது உகந்தது. அசிட்டால் மூடி உறுதியானதாயினும் உள்ளே நடப்பதைக் காட்டாது.

இனித் தண்ணீர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600 மில்லிகிராம் நீரைக் கணினிச் சுற்றில் ஒரு லிட்டர் ஊற்றினால், அரை கிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்பு உப்பும் சேர்ந்தே உள்ளே போகிறது. எவர்சில்வர் குடத்தின் உள்விளிம்பிலும் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படிவது அதுதான். சூடு படும் இடத்தில் முதலில் படிவது அதன் இயல்பு, சுற்றில் மிகச் சூடான இடமோ பிளாக்கின் துடுப்புகள். மூடிய சுற்றில் உப்பு தானாகப் பெருகாது என்று சிலர் கருதலாம். ஆனால் ரப்பர் குழாய்களின் சுவர் வழியே நீர் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறையக் குறைய, மேலும் மேலும் ஊற்றவேண்டி வருகிறது; ஒவ்வொரு முறையும் புதிய உப்பு சேர்கிறது, பழையது வெளியேறுவதில்லை. குளோரைடு உப்புகள் நிக்கல் பூச்சையும் அரிக்கின்றன. கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு முற்றிலும் நீங்கியிருப்பதில்லை. குடிக்க ஏற்றதாகச் சில தாதுக்கள் அதில் விடப்பட்டோ சேர்க்கப்பட்டோ இருக்கும். ஆகவே நீர்க்குளிர்ச்சிக்கென்றே கலந்து விற்கப்படும் கூலன்ட்டையோ, தரமான வடிநீரில் அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் அளவாகக் கலந்த கலவையையோ மட்டுமே ஊற்ற வேண்டும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குவோர் முத்திரை உடையாத, பெயர் பெற்ற தயாரிப்பைப் பார்த்து வாங்கட்டும். தூய நீரும் நெடுநாள் மின்சாரத்தைக் கடத்தாமல் இராது. உலோகத்தைத் தொட்டுத் தொட்டு அயனிகளை ஏற்றுக்கொண்டபின் அதன் கசிவும் மதர்போர்டைக் கெடுக்கும்.

பொருத்தும் வேலை பொறுமையைக் கேட்பது. செயலியின் மேல் பழைய தெர்மல் பேஸ்ட் இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சற்ற துணியால் துடைத்து உலரவிட வேண்டும். பிளாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டோமா என்பதை இருமுறை பார்க்க வேண்டும். அதை உரிக்க மறந்து, குளிர்ச்சி போதவில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உலகெங்கும் உண்டு. இரு உலோகப் பரப்புகளுக்கிடையே உள்ள நுண்குழிகளை நிரப்புவது மட்டுமே பேஸ்டின் வேலையாதலால், நடுவில் பட்டாணி அளவு வைத்தாலே போதும். திருகின் அழுத்தம் அதைப் பரப்பிக்கொள்ளும். நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் ஓரிரு சுற்று மட்டும், மாறி மாறி இறுக்கி வர வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே முழுக்க இறுக்கினால் தகடு சாய்ந்து, பேஸ்ட் ஒரு பக்கம் வழிந்து, மறுபக்கம் காற்று நின்றுவிடும். நீர் உள்வரும் துளைக்கும் வெளியேறும் துளைக்கும் வேறுபாடு உண்டு. பல பிளாக்குகளில் உள்வரும் நீர் ஒரு சிறு பிளவுத் தகட்டின் வழியே துடுப்புகளின் நடுவில் பீய்ச்சப்படுகிறது, குழாயை மாற்றிச் செருகினால் அந்த ஆதாயம் குறையும். இணைப்புகளைக் கையால் இறுக்கினாலே ரப்பர் வளையம் அடைத்துக்கொள்ளும். ஸ்பானரால் முறுக்கினால் அக்ரிலிக் விரியும்.

நிரப்பும்போது மதர்போர்டுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மின்சாரம் போகாமல், பவர் சப்ளையிலிருந்து பம்பை மட்டும் ஓட்ட வேண்டும். நீர்த்தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். பம்பு ஒரு கணமும் வறண்டு ஓடக்கூடாது. கேபினெட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றியபின், இணைப்புகளின் அடியில் வெள்ளைத் தாளை விரித்து 24 மணி நேரம் பம்பை ஓடவிட்டு, ஒரு சொட்டு ஈரமும் தாளில் இல்லை என்று உறுதியான பிறகே மற்றவற்றுக்கு மின்சாரம் கொடுக்கலாம்.

பிளாக், பம்பு, குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்துத் தொழிற்சாலையிலேயே நிரப்பி முத்திரையிட்டு வரும் ஏஐஓ என்னும் வகை, தனித்தனியாக வாங்கிக் கோக்கும் அமைப்பைவிட இப்பகுதிக்குப் பொருத்தமானது; உள்ளூர் நீர் அதற்குள் போக வழியே இல்லை. அவற்றுள் பலவற்றில் செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் தடுப்பு மருந்தின் துணையோடு சேர்ந்திருப்பதால், நீர் குறைந்துவிட்டதென்று திறந்து குழாய்த் தண்ணீரை ஊற்றுவது அதைக் கொல்வதற்குச் சமம். தறி ஓடும் தெருக்களில் ரேடியேட்டரின் துடுப்புகளில் பஞ்சு படர்ந்து காற்றை மறிப்பதால், எந்த வகையாயினும் மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டியாக வேண்டும்.

பில் போடுவதற்கும் இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவதற்கும் பாடம் படிப்பதற்கும் உரிய கணினிகளுக்கு, அதாவது 65 வாட் வகைச் செயலிகளுக்கு, இவை எதுவும் தேவையில்லை. நல்ல விசிறிக் குளிர்விப்பானே போதும், பணமும் மிச்சம். மணிக்கணக்கில் வீடியோ தொகுப்பவரும் கட்டடங்களின் முப்பரிமாணப் படங்களை உருவாக்குபவரும் 150 வாட்டுக்கு மேற்பட்ட செயலியை முழுச் சுமையில் ஓட்டுவதால் நீர்க்குளிர்ச்சியை நாடலாம். தனித்தனியாகக் கோத்த அமைப்பை வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை, அக்கினி நட்சத்திரத்துக்கு முன் பங்குனியிலேயே, பழைய கூலன்ட்டை வடித்துவிட்டு, பிளாக்கைத் திறந்து, துடுப்புகளைக் கழுவி, புதியதை ஊற்றிக்கொள்ள வேண்டும்.