சாமைச் சோறும் ஒரு பழைய கேள்வியும்

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பணி நிமித்தமாகக் கொல்லிமலைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன்; பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவேன். இரவு தங்கியது இந்தத் தை மாதம்தான். செம்மேட்டைத் தாண்டி, மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று தன் வீட்டை ஒட்டியே விருந்தினருக்காகக் கட்டியிருக்கும் குடில் அது. மூங்கில் தப்பை கட்டி மண் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை, சாணம் மெழுகிய தரை. கழிப்பறையில் மட்டும் டைல்ஸ், அதில் தவறில்லை. போகிறவர்கள் கம்பளி இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று போதாது.

இரவு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். "இது வெள்ளைப்பெருஞ்சாமை சார். ஆளுங்க தங்க வர ஆரம்பிச்ச பிறகுதான் மறுபடி அரை ஏக்கர் போட்டோம்" என்றார் வீட்டுக்கார அம்மா. பிறகு என்னை உற்றுப் பார்த்து, "குச்சிக்கிழங்கு போடச் சொல்லி அப்போ வந்தது நீங்கதானே?" என்றார்.

நான்தான். வேலையில் சேர்ந்த புதிது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கின, மொத்தமாகப் பணம் கைக்கு வந்தது. நான் போட்டுக் காட்டிய வரவு செலவு பொய்யில்லை. ஆனால், சரிவு நிலத்தில் 10 மாதம் நின்ற கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்பட்டு, அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போகிறதே, அதை நான் செலவில் எழுதவில்லை.

சாமை குறைந்ததற்குக் கிழங்கு மட்டும் காரணம் இல்லை. சாமையின் உமி லேசில் கழலாது. உரலில் குத்திப் புடைத்துத் தேய்ந்தது பெண்களின் தோள்தான். ரேஷன் அரிசி கிடைக்கும்போது யார் குத்துவார்கள்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் பழைய சிறுதானிய ரகங்களைக் காக்க முனைந்தபோது, உமி நீக்கும் இயந்திரங்களையும் சேர்த்தே கொண்டுவந்தது இதனால்தான். இந்த வீட்டிலும் இப்போது மில்லில் கொடுத்துத்தான் அரிசியாக்குகிறார்கள்.

மண் சுவர் எழுப்பிவிட்டுப் பொன்னி அரிசிச் சோறு போடும் விடுதிகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் மலைக்காட்டுக்கு ஒரு பயனும் இல்லை. இங்கே விளைந்தது இங்கேயே விலையாகிறது. கிளம்பும்போது நானும் இரண்டு கிலோ வாங்கினேன்.

காலையில் காட்டைச் சுற்றி வந்தோம். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு போட்டு, கிழங்குக்கு நடுநடுவே சாமையைப் பட்டையாக விதைக்கச் சொன்னேன். "செய்யலாம் சார். ஆனா கிழங்கை ஒரேயடியா விட முடியாது. பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் அதுலதான்" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

எங்கள் பண்ணையில் விதைத்துப் பார்க்க ஒரு படி விதை கேட்டேன். துணியில் முடிந்து கொடுத்தார். "அறுத்ததும் ரெண்டு படியா திருப்பித் தரணும் சார்" என்றார். ஆடியில் விதைக்கப் போகிறேன்.