பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு வரலாற்றாசிரியர்

பெங்களூருவில் வசிக்கும் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 2024-ஆம் ஆண்டில் இரு நூல்களை வெளியிட்டார். இந்தியச் சுற்றுச்சூழல் சிந்தனையின் தோற்றத்தை ஆராய்கிறது ‘ஸ்பீக்கிங் வித் நேச்சர்’. தம் பதிப்பாசிரியர் ருகுன் அத்வானியுடனான நாற்பதாண்டு நட்பைச் சொல்கிறது ‘தி குக்கிங் ஆஃப் புக்ஸ்’.

முதல் நூலில் தாகூர், மீரா பென் முதலானோருடன் தமிழர் இருவருக்கும் இடம் உண்டு. ஒருவர், தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா. மற்றவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை அவர் தொடர்ந்து எழுதினார். சுற்றுச்சூழல் அக்கறை என்பது செல்வந்த நாடுகளின் ஆடம்பரம் அன்று. 1973-இல் சிப்கோ இயக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே இந்தியச் சிந்தனையாளர்கள் அதுகுறித்து எச்சரித்தனர் என்பதே குஹாவின் வாதம். சிப்கோ பற்றிய ஆய்வில் தொடங்கியவர் மீண்டும் அதே துறைக்குத் திரும்பியுள்ளார்.

1990-களில் பெங்களூருவில் குடியேறிய பின், அவ்வப்போது பல்கலைக்கழகங்களில் கற்பித்தபோதும், எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர் அவர். புத்தகக் கடைகள், கப்பன் பூங்கா, கோஷீஸ் உணவகம், கிரிக்கெட் ஆகியவை அவரது கட்டுரைகளில் அடிக்கடி வந்துபோகும். 2009-இல் மூடப்பட்ட பிரீமியர் புத்தகக் கடையும் அதன் உரிமையாளர் டி.எஸ். ஷான்பாகும் அவற்றில் தனியிடம் பெற்றவர்கள்.

அரசியலில் அவர் எத்தரப்புக்கும் இனியவர் அல்லர். காங்கிரஸின் குடும்பத் தலைமையையும் இந்துத்துவ அரசியலையும் ஒருசேர விமர்சிப்பவர். 2018-இல் அகமதாபாத் பல்கலைக்கழகத்தில் அவர் நியமிக்கப்பட்டதற்கு ஏபிவிபி மாணவர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது; பொறுப்பேற்குமுன்பே அவர் விலகிக்கொண்டார். 2019 டிசம்பர் 19 அன்று, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து பெங்களூரு டவுன் ஹால் முன் நின்றபோது, செய்தியாளர்களிடம் பேசிக்கொண்டிருக்கையிலேயே காவல்துறை அவரைப் பிடித்துச் சென்றது. அன்று நடைமுறையில் இருந்த 144 தடை உத்தரவு சட்டவிரோதமானது என 2020 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றைவிட வரலாற்றாசிரியரின் அன்றாடப் பணியைத் தொடும் கேள்வி தில்லியில் உள்ளது. குஹாவின் நூல்கள் பலவற்றுக்கு ஆதாரமான தாள்கள் தீன்மூர்த்தி இல்லத்தில் இயங்கிய நேரு நினைவு அருங்காட்சியக நூலகத்தில் இருந்தவை. ராஜாஜியின் கடிதங்களும் அங்கு பாதுகாக்கப்படுகின்றன. 2023-இல் அந்நிறுவனம் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் எனப் பெயர் மாறியது. 2008-இல் சோனியா காந்தி தரப்பு 51 பெட்டிகளில் திரும்பப் பெற்ற நேருவின் தாள்களைக் கேட்டு, அந்நிறுவன உறுப்பினர் ஒருவர் 2024 டிசம்பரில் ராகுல் காந்திக்குக் கடிதம் எழுதியதும் அரசியல் சர்ச்சை மூண்டது.

காங்கிரஸும் பாஜகவும் ஒன்றையொன்று குறைகூறும் இச்சர்ச்சையில் ஆய்வாளரின் தேவை பின்னுக்குப் போய்விடுகிறது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களின் கோப்புகளைப் பேணுவதற்கானது. தலைவர்களின் குடும்பத்தார் வசமுள்ள கடிதங்களை ஒப்படைக்குமாறு அது கட்டாயப்படுத்துவதில்லை. எனவே, ஒரு பிரதமரின் கடிதங்களை யார் படிக்கலாம் என்பது பெரும்பாலும் வாரிசுகளின் விருப்பத்தையும் நூலக நிர்வாகத்தின் போக்கையும் பொறுத்ததாகவே இருக்கிறது.

குஹாவின் ‘இந்தியா ஆஃப்டர் காந்தி’ நூலை ஆர்.பி. சாரதியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர்கள் படித்திருக்கின்றனர். அத்தகைய நூலை அடுத்த தலைமுறை ஆய்வாளர் ஒருவர் எழுத முற்பட்டால், அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்கள்தாம். அவற்றைப் பொதுவில் வைப்பதற்கான விதிகளை வகுக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு உரியது.