நடந்ததை எழுதி வைப்போம்!

பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுற்றுலா சென்ற நாம் அனைவரும் அங்குள்ள கோட்டையைக் கண்டு வியந்தோம். ஆனால் அது கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டையன்று. 1974ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையை 1801இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தரைமட்டமாக்கிவிட்டனர். அப்படியிருக்க, அங்கு நடந்த போரின் செய்திகள் நமக்கு எவ்வாறு கிடைத்தன? நாட்டுப்புறப் பாடல்கள் ஒரு வழி. மற்றொன்று, எதிரணியில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் நாட்குறிப்பு. அதிலிருந்து அவர் 1830இல் வெளியிட்ட நூல், பகைவனான ஊமைத்துரையின் வீரத்தையும் வியந்து பேசுகிறது. கோட்டை இடிந்தது, குறிப்பு நின்றது!

கணினிக்கும் இத்தகைய நாட்குறிப்பு உண்டு. அதன் பெயர் 'லாக்'. இச்சொல் பிறந்த இடம் கடல். முற்காலத்தில் மாலுமிகள் முடிச்சிட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, கயிறு ஓடும் அளவைக் கொண்டு கப்பலின் வேகத்தைக் கணித்தனர். அக்கட்டையின் ஆங்கிலப் பெயரே, அந்தக் கணக்கை எழுதும் ஏட்டுக்கும் வந்தது. நம் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வரும் கப்பல்களிலும் அந்த ஏடு இன்றும் உண்டு. அங்கிருந்தே சொல் கணினிக்குள் புகுந்தது.

இதன் அருமையை நாங்கள் உணர்ந்த கதையைக் கேளுங்கள். கணினி மன்ற மாணவியராகிய நாங்கள், பள்ளி நூலகத்திற்காக ஜாவா மொழியில் ஒரு சிறு மென்பொருள் எழுதினோம். ஜாவாவையும் தரவுத்தளத்தையும் இணைக்க, 2001இல் தோன்றிய ஹைபர்நேட் என்னும் கருவியைப் பயன்படுத்தினோம். முதல் வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. இரண்டாம் வாரம் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ஒரு நூலைத் திருப்பித் தந்தாள். திரையில் 'பதிவாயிற்று' என்று வந்தது. மறுநாள் பட்டியலிலோ, நூல் இன்னும் அவளிடமே இருந்தது! நூலின் விலையைக் கட்டச் சொன்னபோது அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். "நான் குடுத்துட்டேன், அக்கா" என்பதைத் தவிர அவளிடம் வேறு சான்று இல்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

"யாரையும் குறை கூறுமுன் கணினியையே கேட்போம்" என்றார் எங்கள் ஆசிரியை. கணினி எழுதும் குறிப்புக்குப் படிகள் உண்டு. 'எர்ரர்' என்றால் பிழைகளை மட்டும் எழுதும். 'வார்ன்' எச்சரிக்கையையும், 'இன்ஃபோ' பொதுச் செய்தியையும் சேர்க்கும். 'டீபக்' உள்ளே நடப்பதையும், 'டிரேஸ்' மிக நுணுக்கமான விவரத்தையும் எழுதும். நாங்கள் 'இன்ஃபோ' படியில் நின்றதால் உள்ளே நடந்தது தெரியவில்லை.

எனவே அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் சேர்த்தோம். 'ஆர்க்.ஹைபர்நேட்.எஸ்க்யூஎல்' என்ற பெயருக்கு 'டீபக்' என்று கொடுத்தோம்; தரவுத்தளத்திற்குச் செல்லும் ஒவ்வொரு கட்டளையும் எழுதப்பட்டது. ஆனால் மதிப்புகள் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளே இருந்தன. 'ஆர்க்.ஹைபர்நேட்.ஓஆர்எம்.ஜேடிபிசி.பைண்ட்' என்பதற்கு 'டிரேஸ்' கொடுத்ததும், அக்கேள்விக்குறிகளில் நிரப்பப்படும் நூல் எண்ணும் தேதியும் தெரிந்தன. (இது 6ஆம் பதிப்பில் உள்ள பெயர். 5ஆம் பதிப்பில் 'ஆர்க்.ஹைபர்நேட்.டைப்.டிஸ்கிரிப்டர்.எஸ்க்யூஎல்' என்று இருக்கும்.)

பிறகு ஒரு நூலை உரிய நாளிலும், மற்றொன்றைத் தவணை கடந்தும் திருப்புவதுபோல் சோதித்தோம். முதலாவதற்கு, நூலைத் தேடும் 'செலக்ட்', விவரத்தை மாற்றும் 'அப்டேட்' ஆகிய இரு கட்டளைகளும் வந்தன. இரண்டாவதற்கு 'செலக்ட்' மட்டுமே வந்தது! நாம் செய்யும் மாற்றங்களை ஹைபர்நேட் முதலில் நினைவகத்தில் வைத்திருக்கும். 'கமிட்' என்று சொல்லி முடிக்கும்போதுதான் பொதுவாகத் தரவுத்தளத்திற்கு அனுப்பும். தாமத நூலுக்கு அபராதம் கணக்கிடும் பகுதியில் நாங்கள் 'கமிட்' எழுத மறந்து, 'பதிவாயிற்று' என்று மட்டும் அறிவித்திருந்தோம். அந்தத் தங்கையின் நூலே, தாமதமாக வந்த முதல் நூல். பிழை அவளுடையதன்று, எங்களுடையது. அவளிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். நூலும் அலமாரியில் தன் இடத்திலேயே இருந்தது!

தோழியரே, இரண்டு எச்சரிக்கைகள். வேலை முடிந்ததும் அவ்விரு வரிகளையும் நீக்கிவிட வேண்டும். இல்லையேல் குறிப்பேடு பெருத்துக் கணினி தளரும். பிறருடைய பெயரும் விவரமும் அதில் வெளிப்படையாகக் கிடக்கும். அடுத்து, குறிப்பு எழுதும் கருவியையும் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்னும் புகழ்பெற்ற கருவியில் ஒரு பெருங்குறை வெளியாயிற்று. அயலார் அனுப்பிய சொற்றொடரைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், அதைக் கட்டளையாகவும் அது ஏற்றுக்கொண்டது! உலகெங்கும் உள்ள நிறுவனங்கள் இரவு பகலாக உழைத்து அதைப் புதுப்பித்தன.

ஊகம் பிறர்மேல் பழி போடும். குறிப்போ உள்ளதைச் சொல்லும். ஆகவே, திரையில் தோன்றும் ஒரு சொல்லை நம்பி ஒரு பிள்ளையின் சொல்லைத் தள்ளிவிடாமல், நடந்ததை எழுதி வைப்போம். எழுதியதைப் படித்த பின்னரே தீர்ப்புச் சொல்வோம்!