காற்று சொன்ன சாட்சி

ரகசியங்களில் பெட்டியில் வைத்துப் பூட்டக் கூடியவை சில. முள்வேலி போட்டுக் காவல் வைக்கக் கூடியவை சில. அணுகுண்டை வெடித்துவிட்டு அதை ரகசியமாக வைத்துக்கொள்ள எண்ணுகிறவர்களுக்கு இவை இரண்டும் பயன்படுவதில்லை. காற்று எந்தச் சர்க்காரின் உத்தரவுக்கும் கட்டுப்பட்டதல்ல.

1949-ம் வருஷம் ஸெப்டம்பர் 3-ந் தேதி, ஜப்பானிலுள்ள மிஸாவா விமான தளத்திலிருந்து ஓர் அமெரிக்க விமானம் அலாஸ்காவை நோக்கிக் கிளம்பிற்று. வானிலை ஆராய்ச்சிக்கென்று அமைந்த பி-29 ரக விமானம் அது. அதில் வடிகட்டும் காகிதம் பொருத்தியிருந்தார்கள். 18,000 அடி உயரத்தில் பறக்கும்போது காற்று அந்தக் காகிதத்தை ஊடுருவிச் செல்லும். தூசி மட்டும் தங்கிவிடும். நம் வீடுகளில் தினந்தோறும் காலையில் டிக்காஷன் இறக்குகிறோமே, ஏறக்குறைய அதே தத்துவந்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே வேண்டியது டிக்காஷன் அல்ல, சக்கை!

விமானம் இறங்கியதும் காகிதத்தைக் கதிர் எண்ணும் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். நிமிஷத்துக்கு 50 துடிப்புக்கு மேல் போனால் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. இந்தக் காகிதம் 85 காட்டிற்று. இரண்டாவது காகிதம் 153 காட்டிற்று.

உடனே வாஷிங்டனில் எல்லோரும் தூக்கத்தை மறந்துவிட்டார்கள் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். அதற்கு முன் 111 தடவை எச்சரிக்கைகள் வந்து, எரிமலை, பூகம்பம், இயற்கையான ஏற்றத்தாழ்வு என்று ஏதோ ஒரு சமாதானம் கிடைத்திருந்தது. பூமியிலிருந்து கசியும் ரேடான் என்ற வாயுவும் காற்றில் ஓயாமல் கதிரியக்கத் தூசியை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதன் பெரும் பகுதி சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கிவிடும். இந்தத் தூசி அடங்கவில்லை.

பெர்க்லி நகரில் ட்ரேஸர்லாப் என்ற கம்பெனியின் ரஸாயன நிபுணர்கள் காகிதத்தில் தங்கியவற்றைத் தனித்தனியே பிரித்தார்கள். கனமான அணு பிளவுபடும்போது பலவகைத் துண்டுகள் பிறக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. பேரியத்தின் ஒரு வகை சுமார் 13 நாளில் பாதியாகத் தேய்ந்துவிடும். ஸீரியத்தின் ஒரு வகைக்கு அதற்கு 285 நாள் வேண்டும். ஆகவே, எது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒப்பிட்டால், அவை பிறந்த நாளைப் பின்னோக்கிக் கணித்துவிடலாம். ஜோசியர் பிறந்த நேரத்தை வைத்து ஜாதகம் எழுதுகிறார். இவர்கள் ஜாதகத்தை வைத்துப் பிறந்த நேரத்தைக் கண்டுபிடித்தார்கள். அணு உலையிலிருந்து கசிந்த தூசியானால் பல மாதங்களில் பிறந்தவை கலந்திருக்கும். இங்கேயோ எல்லாம் ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரே க்ஷணத்தில் பிறந்தவை. இதற்குள் அலாஸ்காவின் கோடியாக் தீவில் கூரைகளிலிருந்து பிடித்த மழைநீரையும் கடற்படை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். அதுவும் அதே சாட்சியத்தைச் சொல்லிற்று. ருஷ்யா தன் முதல் குண்டை ஆகஸ்டு 29-ந் தேதி, கஜகஸ்தானிலுள்ள ஸெமிபாலடின்ஸ்க் வெளியில் வெடித்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ருஷ்யாவிடம் அணுகுண்டு உண்டாவதற்கு மிகவும் சாத்தியமான காலம் 1953-ம் வருஷத்தின் மத்தி என்று அமெரிக்க உளவு இலாகா ஓர் அறிக்கை தயாரித்தது. அறிக்கையின் தேதி 1949 ஸெப்டம்பர் 20! மூன்று நாள் கழித்து ஜனாதிபதி ட்ரூமன் செய்தியை உலகுக்கு வெளியிட்டார். அப்போதும் 'குண்டு' என்று சொல்லாமல் 'அணு வெடிப்பு' என்றுதான் சொன்னார். 1953-ல் பதவியை விட்டு இறங்கிய பிறகுங்கூட, ருஷ்யாவிடம் குண்டு இருப்பதாகத் தமக்கு நிச்சயமில்லை என்று பேசினார். ஆனால் அந்தச் சந்தேகம், 1950 ஜனவரியில் ஹைட்ரஜன் குண்டு வேலையைத் தொடர உத்தரவிடுவதற்கு அவருக்குத் தடையாக இருக்கவில்லை. ஒரு காகிதத்தில் ஒட்டிய தூசி எத்தனை கோடி ஜனங்களின் தலைவிதியைத் தொட்டுவிட்டது, பாருங்கள்!

காற்றை மோப்பம் பிடிக்கும் யோசனை அன்று பிறந்ததல்ல. 1944-ல், ஜெர்மனியில் அணு உலை ஓடுகிறதா என்று அறிய, லூயி ஆல்வாரெஸ் என்ற பௌதிக சாஸ்திரி ஸெனான் வாயுவைத் தேடும் கருவி ஒன்றை அமைத்தார். ஸெனான் எதனோடும் எளிதில் சேராத வாயு. ஆனால் குளிர்ந்த கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விமானங்கள் ஜெர்மனியின் மேல் பறந்து காற்றைச் சேகரித்தன. தேடிய ஸெனான் அதில் இல்லை. உலையும் இல்லை.

அந்த ஸெனானுக்குப் பிற்காலத்தில் பெரிய உத்தியோகம் காத்திருந்தது. 1954-ல் பிகினித் தீவில் நடந்த வெடிப்பின் சாம்பல் ஜப்பானிய மீனவர் மீது விழுந்ததைக் கேட்டு உலகம் பதைத்தபோது, பரிசோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டுமென்று நமது பிரதமர் நேரு பார்லிமெண்டில் கோரினார். ஒன்பது வருஷம் கழித்து, 1963-ல், வல்லரசுகள் பரிசோதனைகளைப் பூமிக்குள் கொண்டுபோக உடன்பட்டன. நிறுத்தவில்லை, மறைத்தன என்பதே பொருத்தமாயிருக்கும். தூசி பாறைக்குள் அகப்பட்டுக்கொண்டது. ஆனால் எதனோடும் ஒட்டாத ஸெனான், வெடிப்புகளின் வழியே மெல்ல மேலே வந்துவிடுகிறது.

1996-ல் ஏற்பட்ட முழுப் பரிசோதனைத் தடை உடன்படிக்கை, கதிரியக்கத்தைக் கவனிக்க உலகெங்கும் 80 நிலையங்களை வகுத்தது. அவற்றில் 40-ல் வாயுவையும் அளக்க வேண்டும். இந்தியா அதில் கையொப்பமிடவில்லை. உடன்படிக்கையும் இன்னும் அமுலுக்கு வரவில்லை. நிலையங்கள் மட்டும் வேலை செய்கின்றன! 2006 அக்டோபர் 9-ந் தேதி வடகொரியா முதல் குண்டை வெடித்தது. சுமார் இரண்டு வாரத்தில், பஸிபிக் சமுத்திரத்துக்கு அப்பால், கானடாவின் யெல்லோநைப் நிலையத்தில் ஸெனான் தென்பட்டது.

வேலை எளிதென்று நினைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிகளுக்கான கதிரியக்க மருந்துகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளும் இதே ஸெனானை வெளியே விடுகின்றன. நோயாளிக்கு உதவும் தொழில், காவல்காரனின் கண்ணில் புகையூட்டுகிறது. அதனால்தான் நிபுணர்கள் ஸெனானின் வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். ஒன்று 9 மணி நேரத்தில் பாதியாகும். மற்றொன்றுக்கு 5 நாளுக்கு மேல் வேண்டும். பழைய ஜாதகக் கணக்கேதான்.

2013 பிப்ரவரி 12-ந் தேதி வடகொரியா மூன்றாம் முறை வெடித்தபோது பூமி அதிர்ந்தது எல்லோருக்கும் தெரிந்தது; காற்றோ வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதம் போயிற்று. ஏப்ரல் 8, 9 தேதிகளில், சுமார் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஜப்பானின் தகாஸாகி நிலையத்தில் இரண்டு வகை ஸெனான் பதிவாயிற்று. அவற்றின் விகிதத்தைக் கணக்கிட்டார்கள். 50 நாளுக்கு மேற்பட்ட வயது என்று விடை வந்தது.