தேயிலைத் தடம் – 9: பூச்சி கடித்த கொழுந்து

சென்ற வாரம் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், வூயி மலையின் பாறை இடுக்கில் நிற்கும் ஆறு தாஹோங்பாவ் தேயிலைத் தாய்ச்செடிகளைப் பார்த்தோம். 2006 முதல் அவற்றில் ஒரு கொழுந்தைக்கூட யாரும் கிள்ளுவதில்லை. 2005இல் கடைசியாகப் பறித்த இலையில் 20 கிராம் பெய்ஜிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த வாரம் அந்த ஃபூஜியன் மண்ணிலிருந்து கடல் தாண்டித் தைவானுக்குப் போகிறோம்.

தேயிலையும் இதே வழியாகத்தான் போனது. 1860களில் ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் வணிகர் ஃபூஜியனின் அன்சியிலிருந்து நாற்று வரவழைத்து, வட தைவான் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து நடவைத்தார். லீ சுன்ஷெங் என்ற சீன வணிகர் அவருக்குத் துணை. 1869இல், பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட ஊலாங் தேயிலை இரண்டு கப்பல், தைவானின் பழைய பெயரால் ‘ஃபார்மோசா டீ’ என்று நேராக நியூயார்க் போய்ச் சேர்ந்தது. பெயரும் ஃபூஜியனிலிருந்து கிளம்பியதுதான்: தென் ஃபூஜியன்காரர்கள் தேயிலையை ‘தே’ என்பார்கள். டச்சுக் கப்பலேறி ஐரோப்பா சுற்றிய அந்தச் சொல்தான் நம் வாயில் தேயிலை, தேநீர் என்று நிற்கிறது.

தைவான் தேயிலைகளில் என் மனம் சாய்வது சின்ச்சு பகுதியின் பெய்பூ, எமெய் ஊர்களில் ஹக்கா விவசாயிகள் செய்யும் ஒன்றின் பக்கம்தான். ‘கீழை அழகி’ என்று பெயர். பல நல்ல ஊலாங்குகளை வசந்தத்தில் பறிப்பார்கள். இதைப் பறிப்பதோ ஜூன் மாதப் புழுக்கத்தில். காரணம் ஒரு பூச்சி.

நம் நெல் விவசாயிக்குப் பச்சைத் தத்துப்பூச்சியைத் தெரியும். அதன் உறவுக்காரப் பூச்சி இது; நீளம் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். இளந்தளிரில் வாய் வைத்துச் சாறு உறிஞ்சினால் தளிர் மஞ்சளித்து, ஓரம் கருகிச் சுருண்டு, வளராமல் நின்றுவிடும். வேறு தோட்டமென்றால் மறுநாளே மருந்து தெளித்திருப்பார்கள். இங்கே தெளிக்க மாட்டார்கள்.

கடிபட்ட செடி சும்மா இருப்பதில்லை. சில வாசனைப் பொருள்களைச் சுரந்து காற்றில் விடுகிறது. பூச்சியைத் தின்னும் சிலந்திகளை அந்த வாசனை இழுத்து வருகிறது. பக்குவப்படுத்தும்போது அதே வாசனைப் பொருள்கள்தான் தேனாகவும், பழுத்த மஸ்கட் திராட்சையாகவும் மணக்கின்றன. டார்ஜிலிங்கின் கோடைக் கொழுந்தில் வரும் திராட்சை மணத்திலும் இதே குலத்துப் பூச்சிக்குப் பங்கு உண்டு. செடி தன் உயிரைக் காக்கப் போட்ட கூக்குரலைத்தான் நாம் மணம் என்று குடிக்கிறோம் என்பதை அறிந்த நாள்முதல், என்னால் இந்தத் தேநீரை அவசரமாக விழுங்க முடிவதில்லை.

பூச்சி கடித்துவிட்டால் மட்டும் போதாது. கையால் ஒரு மொட்டு, இரண்டு இலை எனக் கிள்ளி, வெயிலில் வாட்டி, பிறகு மூங்கில் தட்டுகளில் பரப்பி, இரவெல்லாம் அவ்வப்போது கையால் புரட்டிக் கொடுக்கிறார்கள். ஓரம் கன்றிய இலை மெல்லச் சிவக்கிறது; இதுதான் ஆக்சிஜனேற்றம். பல ஊலாங்குகளை 20, 30 சதவீத ஆக்சிஜனேற்றத்தோடு நிறுத்திவிடுவார்கள். இது 60 சதவீதத்தைத் தாண்டும். வறுத்ததும் ஈரத்துணியில் பொதிந்து கொஞ்ச நேரம் வைப்பார்கள். அந்த ஈரம் ஊறினால்தான், உருட்டும்போது மெல்லிய கொழுந்து நொறுங்காது.

உள்ளூரில் இதற்குப் ‘பெங்ஃபெங்’ என்று பெயர். ‘பீத்தல் டீ’ என்று சொல்லலாம். பூச்சி கெடுத்த கொழுந்தை வீசியெறிய மனமில்லாத ஒரு விவசாயி, அதையே பக்குவப்படுத்தி நகரத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய விலைக்கு விற்றாராம். ஊர் திரும்பிச் சொன்னபோது, பீத்திக்கொள்கிறான் என்றார்களாம். பிரிட்டிஷ் ராணி ருசித்து ‘அழகி’ என்று பெயர் வைத்த கதையும் உண்டு. எந்த ராணி என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறுவதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நஷ்டத்துக்குத் துணிந்த விவசாயியின் கதையே எனக்கு நெருக்கம்.

ஐந்து கிராம் எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டினேன். வெண்மை, பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு என ஐந்து நிறமும் இருந்தன. கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, மூடிக்கிண்ணத்தில் ஊற்றினேன். தேநீர் அம்பர் நிறத்தில் இறங்கியது. சர்க்கரை போடாமலே நாவின் அடியில் தேன் இனிப்பு. மூன்றாம் முறை வடித்தபின் ஓர் இலையை விரலால் விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடு நரம்பை ஒட்டிச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள்; பூச்சி வாய் வைத்த இடங்கள்.